விதை கட்டுற கனகாம்பரம்

மாடியில தொட்டி வைக்கிறவங்க ரோஜாவையும் மல்லியையும்தான் கேக்கறீங்க. கனகாம்பரத்தை யாரும் கேக்கறதில்ல. வாசம் கிடையாது, அது உண்மைதான். ஆனா வெயிலும் நிழலும் பாதிப் பாதி விழற இடத்துல வச்சா, அடைமழை மாசம் தவிர மத்த நாளெல்லாம் பூக்கும். கட்டி வச்ச சரம் ரெண்டு நாளைக்கு வாடாது.

இதுல டெல்லி கனகாம்பரம்னு ஒண்ணு இருக்கு. பூ பெருசு, நல்ல ஆரஞ்சு நிறம், மார்க்கெட்ல அதுக்குத்தான் கிராக்கி. ஆனா விதை கட்டாது. குரோமோசோம் மூணு மடங்கா இருக்கிறதுதான் காரணம். குச்சி வெட்டித்தான் நடணும். அப்படின்னா தோட்டம் பூரா ஒரே செடிதான். ஒண்ணுக்கு ஆகாதது எல்லாத்துக்கும் ஆகாது.

போன வருஷம் எங்க 10 சென்ட்ல அதுதான் நட்டிருந்தோம். இலை வெளுத்து, செடி குறுகிப் போச்சு. பிடுங்கிப் பார்த்தா வேர்ல முடிச்சு முடிச்சா இருக்கு. நூற்புழு. ஐப்பசிக்குள்ள பாதித் தோட்டம் காலி. பூ காசு எங்க வீட்டம்மா கணக்கு. சின்ன பொண்ணோட ஹாஸ்டல் செலவு அதுலதான் ஓடுது.

மறுபடி குச்சி வாங்க கையில காசில்ல. கிணத்தடியில எங்க மாமியார் காலத்து நாட்டுச் செடி நாலு இருந்துச்சு. வீட்டம்மா அதுலேருந்து விதை எடுத்தாங்க. கதிர் காஞ்சு பழுப்பானதும் மழைக்கு முன்னாடியே ஒடிச்சிடணும். ஏன்னா தண்ணி பட்ட உடனே காய் பட்டுனு வெடிச்சு விதையைத் தூர வீசிடும். அதனால காஞ்ச கதிரைப் பாத்திரத்துல போட்டு, தண்ணி தெளிச்சு, தட்டு போட்டு மூடணும். உள்ளாற பொரி பொரியற மாதிரி சத்தம் கேக்கும். ஒரு காய்ல நாலு விதை வரைக்கும் இருக்கும்.

நாட்டுச் செடிக்கு நூற்புழு வராதுன்னு நான் சொல்லல. ஆனா விதை இருந்தா வேற மண்ணுல திரும்ப ஆரம்பிக்கலாம். இப்ப கிழக்கு வயல்ல நாத்து நட்டு, வேப்பம்புண்ணாக்கு போட்டு, இடையில செண்டுமல்லி வச்சிருக்கோம். அதோட வேர் நூற்புழுவை அடக்கும். இந்தப் பூவுக்கு வெலை கொஞ்சம் கம்மிதான். இருந்தாலும் இந்த மாசம் பொண்ணுக்குப் பணம் அனுப்பியாச்சு.

ஊருக்கு வரும்போது யார் வீட்டுக் கிணத்தடியிலயாவது நாட்டுக் கனகாம்பரம் நின்னா, காஞ்ச கதிர் நாலு கேட்டு வாங்கிட்டுப் போங்க. பையில ஈரம் மட்டும் படக்கூடாது.