மூக்கின் நோயும் ஆற்றின் தொழிலும்

என் வகுப்பில் பின்வரிசையில் அமரும் மாணவன் ஒருவன் தொடர்ந்து மூன்று நாட்கள் பள்ளிக்கு வரவில்லை. நான்காம் நாள் வந்தவனிடம் காரணம் கேட்டேன். “வாப்பாக்கு மூக்கால ரெத்தம் போகுது சேர். அதான் நான் வள்ளத்துக்குப் போன” என்றான். பதின்மூன்று வயதுப் பிள்ளை, தந்தைக்குப் பதிலாக மகாவலி ஆற்றில் மணல் அள்ளப் போயிருக்கிறான்! அன்று மாலையே குறிஞ்சாக்கேணியில் உள்ள அவன் வீட்டுக்குச் சென்றேன். அது 2019-ம் ஆண்டின் பிற்பகுதி.

எங்கள் கிண்ணியாப் பகுதியைப் பற்றி அறியாத வாசகர்களுக்கு ஒரு சொல். இலங்கையின் மிக நீண்ட நதியான மகாவலி, 335 கிலோமீற்றர் ஓடிவந்து எங்கள் பக்கத்தில்தான் கொட்டியாரக் குடாவில் கலக்கிறது. மலைநாட்டைக் கரைத்துக் கொண்டுவரும் மணலை அது வழியெல்லாம் படிய விடுகிறது. நகரங்களில் எழும் மாடிகளுக்கு அந்த மணல் வேண்டும். அதை ஆற்றிலிருந்து எடுத்துக்கொடுக்கும் மனிதர்கள் எங்கள் ஊர்களில் இருக்கிறார்கள். கழுத்தளவு நீரில் நின்றும், மூச்சடக்கி மூழ்கியும், வாளி வாளியாக அள்ளி வள்ளத்தை நிரப்புகிறவர்கள். என் மாணவனின் தந்தையும் அத்தகைய ஒருவர்.

அவர் திண்ணையில் கைக்குட்டையால் மூக்கைப் பொத்திக்கொண்டு அமர்ந்திருந்தார். “வாங்க சேர்” என்று எழுந்தவரின் குரல் அடைத்திருந்தது. ஏழெட்டு மாதங்களாகவே வலப்பக்க மூக்கில் அடைப்பு. சில நாட்களாக இரத்தக் கசிவு. அயலவர்கள் ஆளுக்கொரு நோயைச் சொல்லியிருந்தார்கள். குளத்திலும் ஆற்றிலும் குளிப்பவர்களின் மூக்கில் அட்டை புகுந்துகொள்வது உண்டு. அப்படித்தான் இருக்கும் என்று எண்ணி ஒருவர் உப்புநீரை உறிஞ்சச் செய்திருக்கிறார். அட்டை வரவில்லை. வேறொருவர் தாழ்ந்த குரலில் புற்றுநோய் என்றிருக்கிறார். அந்தச் சொல் அந்த வீட்டின் உறக்கத்தைப் பறித்திருந்தது.

நான் என்ன செய்தேன்? விஞ்ஞானம் கற்பிக்கும் ஆசிரியன் அல்லவா! அயலவர்களின் அறியாமையைக் கண்டு உள்ளூரச் சிரித்துக்கொண்டு, “இது பீனசம் காக்கா. ஆவி பிடியுங்கள், குளிரில் இறங்காதீர்கள்” என்று தீர்ப்பு வழங்கினேன். அவர் நம்பினார். படித்தவன் சொல்லை நம்புவது எங்கள் மக்களின் பண்பு. அந்த நம்பிக்கையின் மீது நான் ஏறி நின்று, மூன்று மாதங்களை வீணாக்கினேன். இதை மறைக்காமல் எழுதுவதே நான் செய்யக்கூடிய சிறு பரிகாரம்.

இதற்கிடையில் அவர் ஒரு வைத்தியசாலைக்கும் போனார். விடியுமுன் புறப்பட்டு, நீண்ட வரிசையில் நின்று, அன்றைய கூலியை இழந்து, ஒவ்வாமைக்கான மாத்திரைகளுடன் திரும்பினார். மூக்கினுள்ளே எவரும் விளக்குப் பிடித்துப் பார்க்கவில்லை. வைத்தியரைக் குறைகூறுவது எளிது. ஆனால், ஒரு காலைப் பொழுதில் நூற்றுக்கணக்கானோரைப் பார்க்க வேண்டிய ஒருவர், ஒவ்வொருவருக்கும் எத்தனை நிமிடம் ஒதுக்க முடியும்? இந்நாட்டில் இலவச வைத்தியம் இருக்கிறது. அது போராடிக் காக்க வேண்டிய செல்வம் என்பதில் எனக்கு ஐயமில்லை. ஆயினும் நாட்கூலிக்காரனுக்கு வைத்தியம் இலவசமாகக் கிடைக்கும்போதும், அதற்காகச் செலவாகும் நாள் இலவசமாகக் கிடைப்பதில்லை.

2020-ம் ஆண்டின் தொடக்கத்தில் கசிவு அதிகரித்தபோது, நானே அவரைத் திருகோணமலை நகருக்குக் காது, மூக்கு, தொண்டை கிளினிக்குக்கு அழைத்துச் சென்றேன். அங்கே இருந்தவர் ஓர் இளம் பெண் டொக்டர். அவர் முதலில் கேட்ட கேள்வி, “என்ன தொழில் செய்கிறீர்கள்?” என்பதுதான். “ஆத்து மணல் அள்ளுற” என்று இவர் சொன்னதும், அவருடைய முகத்தில் கவனம் கூடியதைக் கண்டேன். நெற்றியில் விளக்கைக் கட்டிக்கொண்டு, சிறு கருவியால் மூக்குத் துவாரத்தை விரித்துப் பார்த்தார். பின்பு என்னையும் அழைத்துக் காட்டினார். உள்ளே சிவந்த ஒரு தசைக் கட்டி. அதன்மேல் வெண்மையான சிறு புள்ளிகள். நுவரெலியாவிலிருந்து வரும் ஸ்ட்ராபெரிப் பழத்தின் மேற்பரப்பைப் போலவே இருந்தது.

“இது புற்றுநோய் இல்லை. ஒருவரிடமிருந்து இன்னொருவருக்கு ஒட்டுவதும் இல்லை” என்றார் டொக்டர். அந்த இரண்டு வாக்கியங்களைக் கேட்டபோது, பக்கத்தில் நின்ற மனிதர் முகத்தைத் திருப்பிக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். பல மாதங்களாகத் தம் பிள்ளைகளை மடியில் வைக்காமல் இருந்தவர் அவர்.

நோயின் பெயர் ரைனோஸ்போரிடியோசிஸ். வாயில் நுழையாத இந்தப் பெயரின் வரலாறு நம்மைப் போன்றோருக்குப் பொருளுள்ளது. 1900-ம் ஆண்டில் தென்னமெரிக்காவின் புவனெஸ் அயர்ஸ் நகரில் கியேர்மோ சீபர் என்பவர் இதை விவரித்தார். அவர் ஆராய்ந்த கட்டி ஓர் இளம் வேளாண் தொழிலாளியின் மூக்கிலிருந்து எடுக்கப்பட்டது. 1923-ல் எடின்பரோவின் ஆஷ்வொர்த், இதன் கிருமி பங்கசு இனத்தைச் சேர்ந்தது எனக் கூறி, ரைனோஸ்போரிடியம் சீபெரி என்ற பெயரை நிலைநாட்டினார். எழுபது ஆண்டுகளுக்கு மேலாகப் பாடநூல்கள் அவ்வாறே உரைத்தன. 1999-ல் அதன் மரபுப் பொருளை ஆராய்ந்தபோதுதான் உண்மை வேறாகத் தெரிந்தது. இது பங்கசு அன்று. விலங்கினமும் பங்கசு இனமும் பிரிகின்ற கவையருகே நிற்கும் ஒரு பழைய கூட்டத்தைச் சேர்ந்தது. மீன்களைப் பீடிக்கும் சில ஒட்டுண்ணிகள் இதன் உறவினங்கள். நீரில் வாழ்வனவற்றின் உறவான உயிரி, நீரில் உழைப்பவனின் மூக்கில் குடியேறுகிறது!

நம் நாட்டவரும் இதை ஆராய்ந்திருக்கிறார்கள். இலங்கைப் பல்கலைக்கழகத்தின் நோயியல் பேராசிரியர் டபிள்யூ. ஏ. ஈ. கருணாரத்ன, மனிதரில் தோன்றும் இந்நோயைப் பற்றி 1964-ல் ஒரு தனிநூலே வெளியிட்டார். பேராதனையின் நுண்ணுயிரியல் பேராசிரியர் எஸ். என். அர்சகுலரத்ன பல்லாண்டுகள் இதற்கென உழைத்தார். ஆற்று மணலின் கூரிய துகள்கள் மூக்கின் மென்தோலில் உண்டாக்கும் சிராய்ப்பின் வழியே நீரிலுள்ள கிருமி உட்புகுகிறது என்ற கருத்துக்கு, மணல் தொழிலாளரிடையே இந்நோய் காணப்படுவதையே அவர் சான்றாகக் கொண்டார். இந்தியாவில் பூனா நகரத்து மணல் தொழிலாளரிடையே இந்நோய் இருப்பதை நொரோன்ஹா என்பவர் 1933-லேயே எழுதிவிட்டார்.

உலகில் இதுவரை பதிவான நோயாளர்களில் பெரும்பகுதியினர் இந்தியாவையும் இலங்கையையும் சேர்ந்தவர்கள். தமிழ்நாட்டில் இராமநாதபுரம், சிவகங்கைப் பகுதிகளின் ஊருணிகளில் குளிப்போரிடம் இது காணப்படுகிறது. நம் உடலமைப்பின் குறையோ இது என்று எவரும் எண்ண வேண்டாம். 1990-களில் ஐரோப்பாவின் செர்பியாவில், ஒரே ஏரியில் குளித்த பலருக்கு இந்நோய் கண்டது. இனமும் மதமும் இதற்கில்லை. தேங்கிய நீரும் அதில் இறங்கும் உடலும் போதும்.

மருத்துவ நூல்கள் இதை அரிய நோய் என்கின்றன. யாருக்கு அரியது? குழாயைத் திருப்பிக் குளிப்பவனுக்கு அரியது. ஆற்றில் நிற்பவனுக்கும், வயற்சேற்றில் குனிபவனுக்கும், மாட்டைக் குளிப்பாட்டிய குளத்திலேயே தானும் குளிப்பவனுக்கும் இது அவ்வளவு அரியதன்று. அரிய நோய் என்ற பெயரிலேயே ஓர் ஆபத்து மறைந்திருக்கிறது. அரியது என்று எண்ணுவதால் எவரும் தேடுவதில்லை, தேடாததால் பதிவாவதில்லை, பதிவாகாததால் மேலும் அரியதாகிவிடுகிறது. அந்தச் சங்கிலியை அறுத்தது டொக்டர் கேட்ட ஓர் எளிய கேள்வி. தொழிலைக் கேட்காமல் தொழிலாளியின் நோயை எப்படி அறிவது?

சத்திரசிகிச்சை நடந்தது. கட்டியை அடியோடு அகற்றி, அது முளைத்த இடத்தை மின்சூட்டினால் தீய்த்தார்கள். அகற்றிய தசை பரிசோதனைக்குப் போயிற்று. இக்கிருமியை ஆய்வுகூடத் தட்டில் வளர்த்துக் காட்ட இயலாது. தசையை மெல்லிய சீவலாக்கிச் சாயமேற்றி நுணுக்குக்காட்டியில் பார்ப்பதே உறுதியான வழி. அங்கே தடித்த சுவருடைய உருண்டைப் பைகள் தெரியும். முற்றிய பையொன்று அரை மில்லிமீற்றரை நெருங்கும். அதனுள் ஆயிரக்கணக்கான வித்திகள் நிறைந்திருக்கும். மூக்கில் நான் கண்ட வெண்புள்ளிகள் அந்தப் பைகளே. வெட்டும்போது அவை சிதறி அருகில் ஒட்டினால் அங்கும் முளைக்கும். ஆகவேதான் கைவைத்தியரோ வேறெவரோ இதைப் பிடுங்க முயல்வது பெருந்தவறு.

வீட்டுக்கு அனுப்பும்போது டொக்டர் சொன்னார்: “இனி ஆற்றில் மூழ்காதீர்கள். தவறாமல் கிளினிக் வந்து காட்டுங்கள். இது திரும்ப வரக்கூடியது.”

அவர் பணிவுடன் கேட்டார்: “ஆத்துல இறங்காட்டி அடுப்பு எரியாதே டொக்டர்?”

டொக்டர் விடை சொல்லவில்லை. அவரிடம் அதற்கு மருந்து இல்லை. என்னிடமும் இல்லை.

இரண்டு மாதம் அவர் கரையில் நின்று வேலை செய்தார். கரையில் நிற்பவனுக்குக் கூலி குறைவு. மூன்றாம் மாதம் மீண்டும் நீரில் இறங்கினார். அந்த ஆண்டு கொரோனா நோய் ஊர்களை அடைத்தது; கிளினிக் தவணைகள் தவறின. அடுத்த ஆண்டு, எங்கள் ஊரைக் கிண்ணியா நகரத்தோடு இணைத்த பழைய பாலம், புதியது கட்டுவதற்காக அகற்றப்பட்டது. திருகோணமலைக்குப் போக வேண்டுமாயின் முதலில் இந்த நீரைக் கடக்க வேண்டும். அதன் பின்னரே 2009-ல் திறக்கப்பட்ட பெரிய கிண்ணியாப் பாலம். சுற்றுவழி நெடியது. ஆகவே ‘பாதை’ என்று நாங்கள் சொல்லும் மிதவையில் ஊரே கடந்தது. 2021 நவம்பர் 23-ந் தேதி காலையில் அது கவிழ்ந்தது. பள்ளிக்குப் புறப்பட்ட பிள்ளைகள் உட்பட எங்கள் உறவுகளை அந்த நீர் கொண்டது. அன்றைய ஓலத்தை விவரிக்க என் பேனாவுக்குத் தெம்பில்லை. அதன் பிறகு பல மாதங்கள், கிளினிக் என்ற பேச்சை எடுத்தாலே அந்த வீட்டின் பெண் அவரைத் தடுத்துவிட்டார். அவரை யார் குறை சொல்வது?

2022-ல் கட்டி மீண்டும் தலைகாட்டியது. இம்முறை அவரே சொல்லிவிட்டார்: “சேர், அதே சாமான்தான் இது. இனி ஆவி புடிக்கேலாது.” அந்தச் சொல் எனக்கு உரைத்தது. மறுபடியும் சத்திரசிகிச்சை. அத்துடன் டாப்சோன் என்ற மருந்தும் தந்தார்கள். சிவப்பணுக்களில் ஒரு நொதியம் குறைந்தவர்களின் இரத்தத்தை அது சிதைத்துவிடும் என்பதால், பரிசோதித்த பின்னரே தொடங்கினார்கள். கிருமியின் பைகள் முற்றாமல் தடுத்து, நோய் திரும்பும் வாய்ப்பைக் குறைப்பது அதன் பயன். ஆனால் அது தொழுநோய்க்குத் தரும் மருந்தும் ஆகும். இச்செய்தி எப்படியோ ஊரில் பரவியது. தேநீர்க் கடையில் அவருக்குத் தனிக் கோப்பை வைத்தார்கள். அவர் மாத்திரைகளைக் கூரைக்குள் செருகிவிட்டார்.

அப்போதுதான் ஆசிரியனுக்கு வேலை வந்தது. தேநீர்க் கடைக்குப் போய், அவருக்கென வைத்திருந்த கோப்பையில் நான் தேநீர் வாங்கிக் குடித்தேன். ஒரே மருந்து இரு நோய்களுக்கு உதவலாம் என்பதையும், இது ஒட்டாத நோய் என்பதையும் பேசினேன். தொழுநோய்கூட மருந்தால் குணமாவது; அதற்கும் தனிக் கோப்பை தேவையில்லை என்றேன். முன்பு பீனசம் என்று நானே தவறிச் சொன்னதையும் அங்கே ஒப்புக்கொண்டேன். ஒருவர் சிரித்தார். சிரிப்பு நல்லது. அடுத்த வாரம் தனிக் கோப்பை மறைந்தது. கூரையிலிருந்து மாத்திரைகள் இறங்கின.

ஆசிரிய நண்பர்களுக்கும் மாணவர்களுக்கும் நான் சொல்ல விரும்புவது இதுதான். ஒரு பக்க மூக்கு நெடுநாள் அடைத்திருந்தால், அதிலிருந்து இரத்தம் கசிந்தால், பெயர் சூட்ட அவசரப்படாதீர்கள். என் தவற்றை நீங்கள் செய்ய வேண்டாம். உள்ளே விளக்குப் பிடித்துப் பார்க்கத் தெரிந்தவரிடம் அவரை அழைத்துச் செல்லுங்கள். அவருடைய தொழிலை வைத்தியர் கேட்காவிட்டால் நீங்கள் சொல்லுங்கள். இது தனி மனிதர் செய்யக்கூடியது. மற்றது கூடிக் கேட்க வேண்டியது: மணல் எடுப்போரிடம் தேடிச்செல்லும் பரிசோதனை, நோயுற்றவன் நீரிலிருந்து ஏறி நிற்கும்போது அவன் அடுப்பு அணையாதிருக்க ஓர் உதவி, குளிக்கக் குழாய்நீர், அச்சமின்றிக் கடக்க ஒரு பாலம். இவற்றை வைத்தியத்தின் புறத்தே நிறுத்துவோர், நோயைக் கட்டியளவில் மட்டுமே கண்டவர்கள்.

அவர் இப்போது கரையிலேயே வேலை பார்க்கிறார். நோய் திரும்பவில்லை. கூலி குறைவுதான். மகன் படிப்பைத் தொடர்ந்தான். சென்ற மாதம் வழியில் கண்டபோது, “வாப்பாவை ஆத்துல இறங்க விடுறல்ல சேர்” என்றான். அவனுக்குப் பதிலாக இன்று அந்த நீரில் மூழ்குவது எந்த வீட்டுப் பிள்ளை என்று நான் கேட்கவில்லை. ஆனால், மகாவலியின் பக்கம் போகும்போதெல்லாம், வள்ளத்தின் ஓரத்தில் தலைதூக்கி மூச்சு வாங்குகிறவர்களின் முகத்தை இப்போது உற்றுப் பார்க்கிறேன்.