அப்பாயிக்கு நாலு வரி

சோலாப்பூருக்கு மாற்றலாகி வந்து மூன்று வருடம் ஆகிறது. போர்வைக்குப் பேர் போன ஊர். போர்த்திக்கொள்ள முடியாத வெயிலுக்கும்தான்.

மகள் மூன்றாம் வகுப்பு. பள்ளிக்கூடத்தில் இங்கிலீஷ், மராத்தி, இந்தி. தமிழ் வீட்டில் பேச்சோடு சரி. வெளிமாநிலத்தில் பிள்ளை வளர்க்கும் உங்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. "பேசுறாளே, அது போதாதா?" என்று நானும் சமாதானம் சொல்லிக்கொண்டு காலத்தை ஓட்டினேன்.

மன்னார்குடியில் இருக்கும் என் அம்மாவுக்குக் காது முக்கால்வாசி போய்விட்டது. வாங்கிக் கொடுத்த மிஷின் 'ஒரே இரைச்சல்' என்று மேஜை டிராயரில் தூங்குகிறது. வாரா வாரம் வீடியோ கால் போடுவோம். பேத்தியும் அப்பாயியும் மாறி மாறிக் கையாட்டுவார்கள். இரண்டு நிமிடத்தில் முடிந்துவிடும். ஒருநாள் அம்மா சொன்னார்: "புள்ளைய ரெண்டு வரி எழுதிப் போடச் சொல்லுடா தம்பி. காதுதான போச்சு, கண்ணு இருக்குல்ல."

சுருக்கென்றது. அந்த லீவில் ஊரிலிருந்து ஒன்றாம் வகுப்புத் தமிழ்ப் புத்தகம் வாங்கி வந்தேன். 2018-ல் தமிழ்நாட்டில் புதிய பாடத்திட்டம் வந்தபோதே பாடப்புத்தகத்தில் க்யூஆர் கோடு அச்சடிக்கத் தொடங்கிவிட்டார்கள். 2017-ல் மத்திய அரசு தொடங்கிய திக்‌ஷா செயலியில் அந்தக் கறுப்புக் கட்டத்தைக் காட்டினால் பாடம் வீடியோவாக ஓடும். ஆஹா, ஆயிரம் கிலோமீட்டர் தள்ளி இருந்தாலும் வாத்தியார் கையில் வந்துவிட்டாரே என்று போனை மகளிடம் கொடுத்துவிட்டு ஆபீஸ் வேலையைப் பார்த்தேன்.

ஒரு மாதத்தில் எல்லாப் பாட்டும் மனப்பாடம். பெருமை தாங்கவில்லை. ஒரு சலான் பின்பக்கம் 'மரம்' என்று எழுதி, படி என்றேன். திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டுக் கேட்டாள்: "படம் எங்கேப்பா?"

எங்கள் கிளையில் கணக்கு வைத்திருக்கும் ஜில்லா பரிஷத் பள்ளி ஆசிரியை ஒருவரிடம் இதைச் சொல்லிப் புலம்பினேன். சிரித்துவிட்டு, "ஒருநாள் வகுப்புக்கு வந்து பாருங்க சாஹேப்" என்றார். இரண்டாம் சனிக்கிழமை எங்களுக்கு விடுமுறை, அவர்களுக்குக் காலைப் பள்ளி. போனேன்.

சுவரில் ஊர்க்காரர்கள் பணம் போட்டு வாங்கிக் கொடுத்த ஒரு டிவி. பென்டிரைவைச் செருகி ஒரு கதையை ஓட்டினார். ஒரு நிமிடம்தான், நிறுத்தினார். "அடுத்து என்ன ஆகும்?" வகுப்பே கத்தியது. கொஞ்சம் ஓட்டினார், மறுபடி நிறுத்தினார். பிறகு டிவியை அணைத்துவிட்டு எல்லோரையும் சிலேட்டை எடுக்கச் சொன்னார். (மராத்தியில் சிலேட்டுக்குப் பேர் நம் காதுக்குப் 'பாட்டி' என்றே கேட்கும்!) முக்கால் மணி நேர வகுப்பில் டிவி ஓடியது பத்து நிமிடம்கூட இருக்காது. மீதி நேரமெல்லாம் அவர் ஒவ்வொரு சிலேட்டாகப் பார்த்துக்கொண்டிருந்தார். ஒருமுறை கடன் விஷயமாகப் போன வேறு ஊரில் ஒரு பள்ளியைப் பார்த்திருக்கிறேன். அங்கே பெரிய ஸ்மார்ட் போர்டே இருந்தது, திறப்பு விழா மாலை காய்ந்துபோய் மேலே தொங்க.

இதே மாவட்டத்தின் பரிதேவாடி கிராமப் பள்ளி ஆசிரியர் ரஞ்சித்சிங் டிசலே 2020-ல் உலக ஆசிரியர் விருது வாங்கியது நினைவிருக்கும். பத்து லட்சம் டாலர் பரிசு. அதில் பாதியை இறுதிச்சுற்றில் இருந்த மற்ற ஒன்பது பேருக்கும் பகிர்ந்து கொடுத்தவர். பாடப்புத்தகத்தில் க்யூஆர் கோடு ஒட்டியவர் என்றுதான் அவரைப் பற்றி எல்லோரும் பேசினார்கள். எனக்கு அதற்கு முந்தைய கதைதான் பெரிதாகப் படுகிறது. அந்தப் பிள்ளைகளின் வீட்டு மொழி கன்னடம். பாடம் அவர்களுக்குப் புரியவில்லை என்று கண்டு, முதலில் அவர் கன்னடம் கற்றுக்கொண்டார். பாடங்களை மொழிபெயர்த்தார். கறுப்புக் கட்டம் அதற்குப் பிறகுதான் வந்தது.

எங்கள் பேங்கில் ஒருவர் என்ட்ரி போட்டால் இன்னொருவர் பார்த்து பாஸ் பண்ண வேண்டும். எவ்வளவு பெரிய சாஃப்ட்வேர் வந்தும் அந்த விதி மாறவில்லை. இருபது வருடமாக அதில் குப்பை கொட்டுகிறவன், வீட்டில் மட்டும் போனே என்ட்ரி போட்டு போனே பாஸ் பண்ணட்டும் என்று விட்டிருக்கிறேன். தப்பு செயலியிடம் இல்லை.

அன்று சாயங்காலம் ஒரு சிலேட்டு வாங்கினேன். தினமும் இருபது நிமிடம். அதே வீடியோதான். நிறுத்துவேன், கேட்பேன், எழுதச் சொல்வேன். சில நாள் அழுகை, சில நாள் நான் கத்தல். வருட முடிவுக் கணக்கு நாட்களில் வீட்டம்மா பொறுப்பேற்றுக்கொண்டார். ஐந்து மாதம் ஆனது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அவளே பென்சிலை எடுத்து எழுதினாள்:

"அப்பாயி நல்லா இருக்கியா. நான் நல்லா இருக்கேன். இங்க ரொம்ப வெயில். எனக்கு எள்ளுருண்டை வேனும்."

நான் திருத்தவில்லை. அப்படியே கவரில் போட்டுத் தபாலில் அனுப்பினேன்.

பத்து நாள் கழித்து ஒரு பார்சல். எள்ளுருண்டை. கூடவே பேத்தியின் கடிதமும் திரும்பி வந்திருந்தது. 'வேனும்' என்பதைச் சுற்றி ஒரு வட்டம் போட்டு, பக்கத்தில் நடுங்கும் கையெழுத்தில் 'வேணும்' என்று எழுதி, கீழே அம்மா ஒரு கேள்வியும் கேட்டிருந்தார்: "அடுத்து எப்போ எழுதுவ?"

என்ட்ரி பாஸ் ஆகிவிட்டது. இப்போது இரண்டாவது கடிதம் எழுதிக்கொண்டிருக்கிறாள்.

உங்கள் வீட்டில் எப்படி? போனைக் கையில் கொடுத்துவிட்டு நகர்ந்துவிடுகிறீர்களா, பக்கத்தில் உட்காருகிறீர்களா?