திரையும் திறையும்

சிவப்பு மையால் எழுதுவதை நான் விட்டுச் சில ஆண்டுகள் ஆகின்றன. காரணத்தை யாரிடமும் இதுவரை சொன்னதில்லை. இங்கே வந்து படிக்கும் நண்பர்கள் பெரும்பாலும் பாட்டில் தோய்ந்தவர்கள். நினைவில் பாதியாய் நிற்கும் ஓர் அடியைக் கணிப்பொறியில் தேடிக் கிடைக்காமல் சலித்தவர்கள். ஆகவே இங்கே சொல்லலாம் என்று தோன்றுகிறது.

ஏறத்தாழப் பத்தாண்டுகளுக்கு முன், முதுகலை இரண்டாம் ஆண்டில் என் மேற்பார்வையில் ஆய்வேடு எழுதிய மாணவி ஒருத்தி வில்லியனூர்ப் பக்கத்துச் சிற்றூரைச் சேர்ந்தவள். தன் ஊர்ப் பெண்கள் நடவிலும் இழவிலும் தேர்த்திருவிழாவிலும் பாடுகின்றவற்றைத் தொகுத்திருந்தாள். நல்ல தொகுப்பு. அதனுள் ஓர் அரையடி மட்டும் தனித்து நின்றது. நாட்டுப்புறப் பாட்டின் நடை அதில் இல்லை. யாப்பறிந்த புலவன் ஒருவனின் கை தெரிந்தது. மலைபடு பொருள்களை ஆறு இறைவனுக்குத் திறையாகச் சுமந்து வருகிறது என்னும் கருத்து. நான்கே சொற்கள், முன்னும் இல்லை, பின்னும் இல்லை. அடிக்குறிப்பில், ‘ஆயா பாடியது, ஏட்டில் உள்ள பாட்டு என்று சொன்னார்’ என்று எழுதியிருந்தாள்.

எந்த ஏடு என்று கேட்டேன். தெரியாது என்றாள். அன்றிரவு அந்த நான்கு சொற்களையும் மேற்கோள்குறிக்குள் இட்டுத் தேடினேன். ஒன்றும் வரவில்லை. மதுரைத் திட்டத்து நூல்களில் தேடினேன், தமிழ் இணையக் கல்விக்கழகத்து நூலகத்தில் தேடினேன், இல்லை. மறுநாள் அப்பக்கத்தின் ஓரத்தில் ‘சான்று இல்லை. நீக்குக’ என்று சிவப்பு மையால் எழுதிக் கொடுத்தேன். அவள் ஒன்றும் மறுத்துப் பேசவில்லை. நீக்கிவிட்டாள். ஆய்வேடு கட்டப்பட்டு நூலகத்துக்குப் போயிற்று. அடுத்த ஆண்டு ஆயா இறந்துபோனார் என்று வேறொரு மாணவர் வழியே கேள்விப்பட்டேன்.

கணிப்பொறி இல்லை என்று சொல்லிவிட்டால் இல்லை என்றே நம்பிய காலம் அது. இன்று அந்நம்பிக்கையை நினைத்தால் வெட்கமாக இருக்கிறது. ஏனென்றால் நான் படித்த தமிழே அதற்கு எதிரான பாடத்தை எனக்குச் சொல்லியிருந்தது.

உ.வே.சாமிநாதையர் சீவக சிந்தாமணியை 1887இல் பதிப்பித்த கதையை அறியாத தமிழ் மாணவர் இல்லை. நச்சினார்க்கினியர் உரையில் இடையிடையே மேற்கோள்கள் வரும், பிறரும் இவ்வாறு சொல்லியிருக்கின்றனர் என்ற அளவில் உரைகாரர் நிறுத்திக்கொள்வார், நூற்பெயர் இராது. அந்த ‘பிறர்’ யார் என்று தெரியாமல் ஐயர் தவித்திருக்கிறார். அடிகளையும் அடித்துண்டுகளையும் மனத்தில் சுமந்துகொண்டு, கிடைத்த சுவடிகளையெல்லாம் புரட்டியிருக்கிறார். திருவாவடுதுறை மடத்துச் சுவடிக் கட்டுகளில் அத்துண்டுகள் சில கண்ணில் பட்டபோதுதான் எட்டுத்தொகையும் பத்துப்பாட்டும் அவருக்கு முகம் காட்டின. துண்டைக் கொண்டு முழுமையைத் தேடுவது என்பது இதுதான். துண்டுக்கு உரிய முழுமை கிடைக்காத இடங்களிலும் நம் முன்னோர் துண்டை நீக்கிவிடவில்லை. வளையாபதியும் குண்டலகேசியும் இன்று நமக்கு உள்ளவை, உரைகளும் புறத்திரட்டும் காத்துத் தந்த சில பாடல்கள் மட்டுமே. மயிலை சீனி. வேங்கடசாமி ‘மறைந்துபோன தமிழ் நூல்கள்’ என்று ஒரு நூலே எழுதினார். அவர்களில் எவரேனும் சிவப்பு மையைக் கையில் எடுத்திருந்தால் என்ன ஆகியிருக்கும்!

சில ஆண்டுகளுக்குப் பின், கணிப்பொறித் துறை நண்பர் ஒருவரிடம் தேநீர் குடித்துக்கொண்டே இந்தக் கதையைப் பாதி சொன்னேன். ஆயா இறந்ததைச் சொல்லவில்லை. அவர் சிரித்தார். “ஐயா, தேடுபொறி நூலைப் படித்துப் பார்த்துவிட்டுப் பதில் சொல்வதாக நினைக்கிறீர்களா?” என்றார்.

அவர் விளக்கியதை எனக்குப் புரிந்த வகையில் சொல்கிறேன். நூலின் கடைசியில் சொல்லடைவு இருக்கிறதல்லவா, அதுபோல ஒன்றைப் பொறி முன்கூட்டியே ஆக்கி வைத்துக்கொள்கிறது. இடைவெளி கண்ட இடமெல்லாம் வெட்டி, ஒவ்வொரு துண்டையும் ஒரு சொல்லாகப் பதிந்து, அது எந்த நூலில் எத்தனையாவது இடத்தில் வருகிறது என்று எண்ணிட்டு வைக்கிறது. நாம் தேடும்போது நூலை அது தொடுவதே இல்லை. அடைவை மட்டும் பார்க்கிறது. மேற்கோள்குறிக்குள் நான்கு சொல் கொடுத்தால், நான்கும் அடுத்தடுத்த எண்களில் நிற்கின்றனவா என்று பார்க்கிறது. ஒன்று பிசகினாலும் விடை இல்லை என்பதுதான். சொல்லின் இறுதியில் உடுக்குறி இட்டால் சில பொறிகள் ‘மலை’ என்பதற்கு மலையை, மலையின், மலைக்கு என்பவற்றையும் தரும். ஆனால் சொல்லின் முன்பகுதி தெரியாமல் நடுத்துண்டு மட்டும் கையில் இருந்தால் அடைவு முழுவதையும் அலச வேண்டும். அது நேரம் பிடிக்கும் வேலை ஆதலால் பல பொறிகள் அதை ஏற்பதில்லை.

இடைவெளிதான் சொல்லின் எல்லை என்று அவர் சொன்னதும் எனக்குச் சுருக்கென்றது. தமிழ்ச் செய்யுளில் இடைவெளி சொல்லின் எல்லை அன்றே! அச்சில் நாம் காண்பது பெரும்பாலும் சீரின் எல்லை. ஒரு சொல்லின் பாதி ஒரு சீரிலும் மறுபாதி அடுத்த சீரிலுமாக நிற்பதற்கு வகையுளி என்று பெயரிட்டு நாமே வகுப்பில் நடத்துகிறோம். திருக்குறளின் 1330 பாக்களில் 9310 சீர்கள். அவை 9310 சொற்கள் என்று எந்தத் தமிழாசிரியரும் சொல்லமாட்டார். பொறி சொல்லும். இன்னொரு புறம் புணர்ச்சி. கல்லும் தூணும் சேர்ந்து கற்றூண் ஆனபின் ‘தூண்’ என்று தேடுகிறவனுக்கு அது கிடைக்காது. மண்ணும் குடமும் மட்குடம் ஆனபின் ‘மண்’ இல்லை. மர்ரே ராஜம் 1950களில் சந்தி பிரித்து மலிவுப் பதிப்புகள் வெளியிட்டபோது பண்டிதர் சிலர் முகம் சுளித்தார்களாம். மாணவர்க்காக அவர் செய்த அதே வேலையைத்தான் பொறிக்காக இன்று செய்ய வேண்டியிருக்கிறது. எங்கள் புதுச்சேரியிலேயே பிரெஞ்சு நிறுவனம் 1967 முதல் 1970 வரை பழந்தமிழ் இலக்கியச் சொல்லடைவை மூன்று தொகுதிகளாக வெளியிட்டது. பேராசிரியர் ப. பாண்டியராஜா ஆக்கிய தொடரடைவுகளைப் பயன்படுத்தாத தமிழ் ஆய்வாளர் இன்று அரியர். ஆனால் எந்தச் சொல்லை எங்கே பிரிப்பது என்பதை ஒவ்வொருவரும் தம் அறிவுக்கேற்ப முடிவு செய்ய வேண்டும். அம்முடிவை அறியாமல் தேடுகிறவன் வழி தவறுவான்.

எழுத்து மட்டத்திலும் கண்ணிகள் உண்டு. ‘கொ’ என்பதன் உயிர்மெய்க்குறியை ஒருங்குறியில் ஒரே குறியாகவும் இடலாம். கொம்பையும் காலையும் தனித்தனியே தட்டி இரு குறியாகவும் இடலாம். கண்ணுக்கு ஒன்றே, அவற்றை ஒன்றாக்கிக்கொள்ளாத பொறிக்கு வேறு. ‘ஔ’ வரவேண்டிய இடத்தில் ‘ஒ’வையும் ‘ள’வையும் அடுத்தடுத்துத் தட்டியிருப்பார்கள். காலுக்குப் பதில் ‘ர’ இருக்கும். நாம் தேடுவது தமிழை. பொறி தேடுவது குறியெண்களை.

“அப்படியானால் வழி என்ன?” என்று கேட்டேன்.

“சொல்லை மறந்துவிடுங்கள். மூன்று மூன்று எழுத்தாக நறுக்குங்கள்” என்றார்.

‘திரைகொணர்ந்து’ என்று ஒரு சொல் இருக்கிறது என்று கொள்ளுங்கள். தமிழ்க் கணக்கில் ஏழு எழுத்து. மும்மூன்றாக நறுக்கினால் திரைகொ, ரைகொண, கொணர், ணர்ந், ர்ந்து என ஐந்து துண்டுகள். தேடும் சொல்லையும் அவ்வாறே நறுக்கி, ஐந்தில் எத்தனை பொருந்துகின்றன என்று பார்க்க வேண்டும். ஐந்தும் பொருந்த வேண்டும் என்று பிடிவாதம் பிடிக்கக் கூடாது. இரண்டோ மூன்றோ பொருந்தினாலே அந்த இடத்தைக் காட்டச் சொல்ல வேண்டும். அதற்கும் முன்னால் ஒரு வேலை: அந்த ஏழு எழுத்தைப் பொறி பதின்மூன்று குறிகளாக எண்ணுகிறது, உயிர்மெய்யை ஒரே எழுத்தாகக் கொள்ளும்படி அதற்குத் தொல்காப்பியம் கற்பிக்க வேண்டும். இது நண்பர் சொன்னதன்று, நான் சேர்த்தது. அவர் சொன்னது சலிப்பூட்டும் வேறு ஏதோ ஒரு பெயர்.

கோடை விடுமுறையில் அவரே ஒரு சிறு நிரலை எழுதித் தந்தார். கிடைத்த நூல்களையெல்லாம் ஒரு கோப்புறையில் இட்டு, முதல் வேலையாக இடைவெளிகள் அனைத்தையும் நீக்கினோம். நிறுத்தக்குறிகளை நீக்கினோம். அடிப் பிரிப்பையும் நீக்கினோம். திரையில் தோன்றியதைப் பார்த்து நான் சற்றுநேரம் பேசாமல் இருந்தேன். எங்கும் நிற்காமல் எழுத்துகள் ஓடிக்கொண்டிருந்தன. அது ஓலைச்சுவடி! புள்ளிகள் மட்டுமே மிகுதி. படிப்பவர் எளிமைக்காக நூற்றைம்பது ஆண்டுகளாக அச்சில் நாம் இட்டுவந்த இடைவெளிகளையெல்லாம் எடுத்தெறிந்தால்தான் பொறிக்குப் பாட்டு அகப்படுகிறது.

இரண்டாம் நாள் ர, ற இரண்டையும் ஒன்றாகவும், ல, ள, ழ மூன்றையும் ஒன்றாகவும், ந, ன, ண மூன்றையும் ஒன்றாகவும் கொள்ளும்படி மாற்றினோம். இலக்கண ஆசிரியனாகிய எனக்கு அதைச் செய்யக் கை கூசியது. குப்பை குப்பையாக விடைகள் வந்தன. மூன்றாம் பக்கத்தில் அந்த அரையடி இருந்தது.

எங்கள் வட்டாரத்துத் தலபுராணம் ஒன்றில், ஆற்றைப் பாடும் பகுதியில் ஒரு விருத்தம். நூற்பெயரைச் சொல்லாமல் விடுகிறேன். அச்சுப் பதிப்பில் நான் இன்னும் சரிபார்க்க வேண்டியவை உள்ளன. அந்நூல் என் வீட்டு அலமாரியில் இருபது ஆண்டுகளாக இருக்கிறது. தலபுராணந்தானே என்று நான் திறந்து பார்த்ததில்லை. சங்க இலக்கியம் முதல் கம்பன் வரை தேடியவன், சங்கராபரணியைப் பாடிய பக்கத்துவீட்டுப் புலவனைத் தேடவில்லை. மாணவி எழுதிய நான்கு சொற்கள் அதில் மூன்று சீர்களாக நின்றன. ஒன்று நடுவில் உடைந்திருந்தது. ஓரெழுத்து வேறாகவும் இருந்தது. மேற்கோள்குறியிட்ட என் தேடலுக்கு அது அகப்பட வழியே இல்லை.

தேவாரப் பதிப்பாசிரியர் தி.வே. கோபாலையர் புதுச்சேரியில் இருந்தவரை, இவ்வாறான அரையடியோடு அவரிடம் போய் நின்றவர்கள் வெறுங்கையோடு திரும்பியது குறைவு என்பார்கள். 2007இல் அவர் மறைந்தார். அதன்பின் எங்களுக்குக் கேட்க ஆளில்லை என்று நான் சொல்லிக்கொண்டிருந்தேன். ஆயாவிடம் நான் ஒருமுறைகூடப் போய்க் கேட்கவில்லை என்பது அப்போதுதான் உறைத்தது. வில்லியனூர் எனக்கு அரைமணி நேரப் பேருந்துப் பயணம்.

அந்தப் பக்கத்தைப் படியெடுத்துக்கொண்டு மாணவியைத் தேடிப் போனேன். பாகூர்ப் பக்கம் மணமாகிப் போய், அங்கே ஒரு தனியார் பள்ளியில் தமிழ் நடத்துகிறாள். பாகூரைக் கடக்கும்போதெல்லாம் எனக்கு அவ்வூர்ச் செப்பேடு நினைவுக்கு வரும். பல்லவன் நிருபதுங்கவர்மன் காலத்தில், ஒன்பதாம் நூற்றாண்டில், அங்கிருந்த கல்லூரிக்கு மூன்று ஊர்களைக் கொடையாக விட்ட செய்தி அதில் உண்டு. அங்கே கற்றவர்களிடம் சொல்லடைவு இருந்திராது, நெஞ்சு இருந்தது. அன்று அப்படி நினைக்கையில் பெருமையாக இல்லை.

மாலையில் பள்ளி விட்டதும் வாசலிலேயே நின்று பேசினோம். நான் தவறு செய்துவிட்டேன் என்று சொன்னேன். “அதெல்லாம் எப்பவோ போச்சுங்க ஐயா” என்றாள். தாளை வாங்கிப் படித்தாள். இரண்டாம் முறை விரல் வைத்துப் படித்தாள்.

“ஐயா, இதுல ‘திரை’ன்னு சின்ன ர போட்டிருக்கு. ஆயா பாடினது ‘திறை’ங்க.”

“பாட்டில் கேட்கும்போது இரண்டும் ஒன்றாகத்தானே அம்மா ஒலிக்கும்? உனக்கு எப்படித் தெரியும்?”

“நான் அர்த்தம் கேட்டேன். கப்பம்னு சொல்லுச்சு. ஆறு சாமிக்குக் கப்பம் கட்ட வருதாம்.”

நான் கேட்காத கேள்வியை அவள் இருபத்திரண்டு வயதில் கேட்டிருக்கிறாள். ஆறு திரை கொணர்வது இயல்பு. எந்த ஆறும் செய்யும். திறை கொணர்வது கற்பனை. அதைப் புலவன்தான் செய்ய வேண்டும். அடியின் நடுவில் நிற்கும் சொல் ஆதலால் எதுகையும் துணைக்கு வராது. ஒரே சுவடியைக் கொண்டு பதிப்பித்ததாக முன்னுரை சொல்கிறது. ஓலையில் இருந்ததே திரைதானா, படியெடுத்தவர் கை வழுக்கியதா, அச்சுக் கோத்தவர் செய்ததா? ஆயாவுக்குப் பாட்டைச் சொல்லிக்கொடுத்தவர் எந்தச் சுவடியைப் பார்த்தார்?

“மிச்ச அடிகளையும் ஆயா பாடினாரா?” என்றேன்.

அவள் கண்ணை மூடிக்கொண்டு ராகம் பிடித்துப் பார்த்தாள். இரண்டாம் அடியில் ஒரு சொல், நான்காம் அடியின் முடிவு, அவ்வளவுதான் வந்தது. நான்காம் அடியின் முடிவும் அச்சில் உள்ளதிலிருந்து வேறாக இருந்தது. சட்டைப் பையில் பென்சில் இருந்தது. படியெடுத்த தாளின் ஓரத்தில் ‘ஆயா பாடம்’ என்று தலைப்பிட்டு, அவள் சொல்லச் சொல்ல எழுதிக்கொண்டேன். பேருந்துக்கு நேரமாகிறது என்று நினைவூட்டினாள். அடுத்ததில் போகிறேன் என்றேன்.