வினை நிற்கும் இடம்

நெதர்லாந்துக்கு வந்த முதல் குளிர்காலத்தில், உட்ரெக்ட் நகரில் ஒரு மாலை வகுப்பில் டச்சு படித்தேன். நாய்க்கு அவர்கள் சொல் ஹொண்ட். தமிழில் எழுதிவிட்டால் சங்கடமில்லை. டகரம் ஒன்றுதான், எங்கே வன்மை, எங்கே மென்மை என்பதை வாய் இடம் பார்த்து முடிவுசெய்யும். டச்சில் இரண்டுக்கும் தனித்தனி எழுத்து. சொல்லின் கடைசியில் கேட்பது வல்லோசை. எழுத வேண்டியது மெல்லோசையின் எழுத்து. பன்மையில், ஹொண்டன் என்னும்போது, அந்த மென்மை திரும்பி வருகிறது. சந்தேகமென்றால் சொல்லை நீட்டிப் பார் என்றாள் ஆசிரியை. வாய் கைவிட்டதை எழுத்து வைத்திருக்கிறது என்று எனக்குப் பட்டது. எல்லாச் சொல்லும் அப்படியில்லை. வீட்டுக்கான சொல்லில் ஒருமையில் கேட்பது எதுவோ அதுவே எழுத்து. பன்மையில் எழுத்தே மாறிவிடுகிறது.

ஒருநாள் பாடத்தில் 'கன்டோர்' வந்தது. அலுவலகம். "அப்பா கந்தோருக்குப் போட்டார்" என்று யாழ்ப்பாணத்தில் அம்மா சொல்வாள். 1658 முதல் 1795 வரை அங்கே ஆண்டவர்கள் போன பிறகும் சொல் எங்கள் வாயில் தங்கிவிட்டது. அகராதியில்லாமல் எனக்குப் புரிந்த முதல் டச்சுச் சொல் அது.

வாக்கியம்தான் வசப்படவில்லை. முதன்மை வாக்கியத்தில் வினை இரண்டாவது இடத்தில் நிற்க வேண்டும். 'இன்று நான் வருகிறேன்' அல்ல. 'இன்று வருகிறேன் நான்'. வினையைக் கடைசிவரை கையில் வைத்திருந்து பழகியவன் நான். என் தாள்கள் சிவப்பு மையோடு திரும்பின.

மார்ச் மாதம் ஊரிலிருந்து தொலைபேசி வந்தது. போக வழியில்லை. மறுநாள் ஆசிரியைக்கு ஒரு துண்டுக் காகிதத்தில் எழுதியனுப்பினேன். இன்று வர முடியாது என்ற முன்பாதி வகுப்பில் மனப்பாடம் செய்தது. பிறகு 'ஒம்தட்', அதாவது ஏனெனில். ஒம்தட் வந்துவிட்டால் டச்சு வினையும் கடைசிக்குப் போய்விடும். என் தாய், இறந்து, விட்டாள்: தமிழில் நினைத்த வரிசையிலேயே சொற்கள் விழுந்தன.

ஒரு வாரம் கழித்துப் போனபோது அவள் என் கையைப் பற்றிக்கொண்டாள். பிறகு, ஆசிரியை அல்லவா, கடைசி இரண்டு வினைச்சொற்களை இடம் மாற்றியும் எழுதலாம், இரண்டும் சரியே என்றாள். ஒன்று பச்சை வரிசையாம், மற்றது சிவப்பு வரிசையாம். 1953இல் வந்த ஒரு வட்டார வழக்கு ஆய்வின் வரைபட நிறங்கள். நான் எழுதியது பச்சை.

பிழையில்லாமல் நான் எழுதிய முதல் டச்சு வாக்கியம் அதுதான்.