முடிந்தவரை

பழைய அமெரிக்க சோபா பார்க்கப் போனால் உடனே உட்காரக் கூடாது; குனிந்து அடியைப் பார்க்கணும். குஸ்தாவ் ஸ்டிக்லியின் ஓக் இருக்கைகளில் ஒரு தச்சுக் கவராயம் முத்திரையாக இருக்கும். உள்ளே ‘அல்ஸ் இக் கான்’, அதாவது ‘என்னால் முடிந்தவரை’. சாதாரண வீடுகளுக்கு நேர்மையான மரச்சாமான் என்பதுதான் அவர் கொள்கை. 1915-ல் திவாலானார். 1988-ல் அவருடைய சைட்போர்டு ஒன்றை பார்பரா ஸ்ட்ரைசாண்ட் 3,63,000 டாலருக்கு ஏலத்தில் எடுத்தார். சாதாரண வீடு எங்கே போச்சு?

நியூயார்க் மாநிலத்துக் கடையொன்றில் முத்திரை இல்லாத நாற்காலி ஒன்று இருந்தது. அதே ஓக், அதே மரமுளை அடித்த இணைப்பு. விலை மட்டும் என் கைக்குள். ஆட்டிப் பார்த்தேன், அசையலை. நான் எழுதும் கோடிலும் என் பெயர் இருக்காது. வாங்கிட்டேன். செய்தவர் யாரோ, அவரும் முடிந்தவரைதான் செய்திருக்கார்.