நடையின் லாக்டேட்

எங்கள் ஆய்வகத்தில் எலியின் இதயத்தைக் கையில் வைத்துக்கொண்டு யாரும் நடப்பதில்லை. திரவ நைட்ரஜன் கேன் மேசைக்குப் பக்கத்திலேயே நிற்கும். அதற்குள் வோலன்பெர்கர் இடுக்கி. தட்டையான அலுமினியத் தாடை இரண்டு. வெட்டிய கையோடு கவ்வினால் இதயம் அப்பளமாக நசுங்கி உறைந்துவிடும்.

பெங்களூருக்கு வந்த புதிதில் எனக்கு இது பிடிபடவில்லை. கேன் அடுத்த அறையில் இருந்தது, நடந்தேன். அன்று அளந்த லாக்டேட்டில் நோயுள்ள எலிக்கும் நல்ல எலிக்கும் வித்தியாசமே இல்லை. சீனியர் அக்கா தாளைப் பார்த்துவிட்டு, "இது எலியோட லாக்டேட் இல்லப்பா, உன் நடையோட லாக்டேட்" என்றார். ரத்தம் நின்ற இதயம் சும்மா இருக்காது. ஆக்ஸிஜன் இல்லாமலே குளுக்கோஸை உடைத்து லாக்டேட்டைக் குவித்துக்கொண்டே போகும்.

களைத்த தசையின் கழிவு என்றுதான் அதைப் படித்தோம். (இதயத்துக்கு அது நல்ல எரிபொருள் என்பது பழைய சேதி, பள்ளிப் பாடம்தான் காதில் வாங்கவில்லை.) 2019-இல் சிகாகோ பல்கலைக்கழகத்தின் யிங்மிங் ஜாவ் குழு, லாக்டேட்டிலிருந்து வரும் ஒரு துண்டு ஹிஸ்டோன் புரதங்களின் லைசினில் ஒட்டிக்கொண்டு மரபணுக்களை முடுக்குவதைக் காட்டியது. அதுதான் லாக்டைலேஷன்.

இதயக்காரர்களான எங்களுக்கு 2023 முக்கியமான வருடம். மாரடைப்புக்குப் பின் ஸ்னெயில்1 புரதத்தில் இந்த லாக்டைல் துண்டு ஒட்டினால் ரத்தக்குழாயின் உள்சுவர் செல்கள் குணம் மாறி, நார்த்தழும்பு கூடுகிறது என்றது ஓர் ஆய்வு. தசைப் புரதமான மயோசினின் 1897-ஆவது லைசினில் இது இருந்தால்தான் டைட்டின் என்ற இன்னொரு தசைப் புரதத்தோடு பிடிப்பு உறுதி, செயலிழக்கும் இதயத்தில் இது குறைகிறது என்றது இன்னொன்று. ஒரே ஒட்டு, ஒரு செல்லில் கேடு, பக்கத்துச் செல்லில் காப்பு. மொத்த இதயத்தையும் அரைத்து வெஸ்டர்ன் பிளாட் போட்டு 'கூடியது' என்று முடிக்கும் கட்டுரைகளை அதனால்தான் நான் நம்புவதில்லை.

மயோசினில் அந்தத் துண்டை ஒட்டுவது பி300 என்ற நொதி, பிரிப்பது சர்டுயின்1. பி300-ஐத் தடுக்கும் கார்சினால், புனர்புளிப் பழத்தோலில் இருப்பது. 2004-இல் அந்தத் தடுப்பைச் சொன்னது இங்கே ஜக்கூரில், ஜவஹர்லால் நேரு உயர் ஆய்வு மையத்தில் இருந்த தபஸ் குண்டுவின் குழு. மங்களூர் ஓட்டலில் புனர்புளி சாறு குடிக்கும்போது எனக்கு பி300 ஞாபகம் வரும். ஒரு டம்ளரில் இதயம் ஒன்றும் மாறிவிடாது, அது வேறு.

போன வாரம் புதுப் பையன் மாஸ் ஸ்பெக் முடிவோடு ஓடிவந்தான்: "அண்ணா, லைசின்ல 72.021 டால்டன் கூடியிருக்கு!"

"கேன் எங்க இருந்துச்சு?"

"பக்கத்துலயே."

"சரி. எல்-லாக்டைல், டி-லாக்டைல், கார்பாக்ஸிஎத்தில், மூணுக்கும் எடை அதேதான். இது எது?"

ஒப்பிட்டுப் பார்க்கும் பெப்டைடை எடுக்க அவன் ஃப்ரீசர் பக்கம் போனான்.