வரிசை எண் 7

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, காபி குடித்துக்கொண்டிருந்தபோது என் மகன் ஒரு வெள்ளைத்தாளைக் கொண்டுவந்து முன்னால் வைத்தான். "அப்பா, இதைக் கொஞ்சம் பார்த்து பாஸ் பண்ணிக் குடுங்க" என்றான்.

பணி ஓய்வு பெற்றுப் பதினாறு வருடமாகிறது. இன்னும் என்னிடம் கையெழுத்துக்கு ஒரு தாள் வருகிறதே என்று சந்தோஷமாகத்தான் இருந்தது. கண்ணாடியைத் தேடிப் போட்டுக்கொண்டு பார்த்தேன். வரிசை எண் போட்டு ஒன்பது இனங்கள். எல்லாம் அவனுடைய காருக்கு.

அந்தக் காரைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன். 2010-இல் பதிவான மிட்சுபிஷி செடியா. இரண்டாவது கையாக வாங்கியது. நான்கு கதவு வைத்த குடும்பக் கார்தான், ஆனால் அதற்குள் ஸ்போர்ட்ஸ் காரின் ரத்தம் ஓடுகிறது என்பான் மகன். இரண்டு லிட்டர் இன்ஜின், 115 குதிரைசக்தி. தேசிய ராலிப் போட்டிகளில் ஓடிய ஜாதி. இன்னொரு பெருமையும் உண்டு. அது நம் திருவள்ளூர்ப் பிள்ளை. 1998-இல் இந்துஸ்தான் மோட்டார்ஸ் நம் ஊருக்குப் பக்கத்தில் தொழிற்சாலை வைத்து மிட்சுபிஷி லான்சரைச் செய்ய ஆரம்பித்தது. 2006-இல் செடியாவும் அங்கிருந்துதான் வந்தது. இப்போது அதே இடத்தில் பிரெஞ்சுக்காரர்களின் சித்ரோஎன் கார் தயாராகிறது. புதுச்சேரியில் பிரெஞ்சு வழியில் படித்தவன் நான். சின்ன வயதில் அங்கே கடற்கரைச் சாலையில் பார்த்த அந்த இரட்டைக் கூரை அடையாளத்தைக் கடைசிக் காலத்தில் திருவள்ளூரில் பார்ப்பேன் என்று நினைக்கவில்லை. நான் அந்தப் பெயரைப் பிரெஞ்சு மாதிரிச் சொன்னால் பேத்தி சிரிக்கிறாள்.

மகனுக்கு கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் வேலை. தினமும் பெரியபாளையம் வழியாக அந்தக் காரில்தான் போய் வருகிறான். ஆடி மாதம் பவானி அம்மன் கோயில் கூட்டத்தில் ஊர்ந்து, நெடுஞ்சாலையில் இரும்புக் கம்பி ஏற்றிய லாரிகளுக்கு நடுவே புகுந்து போக வேண்டும். வழியில் பேத்தியைப் பள்ளிக்கூடத்தில் இறக்கிவிடுவதும் அதே கார்தான். வருடத்தில் மூன்று நான்கு ஞாயிற்றுக்கிழமை மட்டும் அந்தக் கார் இருங்காட்டுக்கோட்டைக்குப் போகும். அங்கே இருக்கும் பந்தயத் தடத்தில், சொந்தக் காரைக் கொண்டுவந்து ஓட்டிப் பார்க்க நாள் ஒதுக்குகிறார்கள். ஒரு சுற்று 3.7 கிலோமீட்டர்.

இந்தப் பைத்தியம் அவனுக்கு எங்கிருந்து வந்தது என்று என் மருமகள் அடிக்கடி கேட்பாள். நான் வேறு பக்கம் பார்த்துக்கொள்வேன். என்னிடமிருந்துதான் வந்தது.

எழுபதுகளில் நான் சென்னையில் ஒரு அரசு அலுவலகத்தில் கிளார்க். எங்கள் செக்‌ஷனில் ஒரு நண்பர் என்னைச் சோழவரத்துக்கு அழைத்துப் போனார். இரண்டாம் உலகப் போர்க்காலத்து விமான ஓடுதளம் அது. மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப்காரர்கள் அங்கே பந்தயம் நடத்துவார்கள். வெயிலில் தலையில் கைக்குட்டையைக் கட்டிக்கொண்டு நின்றோம். ஃபியட்டும் ஹெரால்டும் சீறிக்கொண்டு போகும். ஒருவர் தன் ஃபியட்டிலிருந்து டிபன் கேரியரை இறக்கி வைத்துவிட்டு, கதவில் நம்பர் ஒட்டி, பந்தயம் ஓட்டி, மாலையில் அந்த நம்பரைக் கிழித்துவிட்டு அதே காரில் வீட்டுக்குக் கிளம்பினார். காலையில் ஆபீஸ், ஞாயிறு பந்தயம், எல்லாம் ஒரே கார். அந்தக் காட்சி என் மனதில் அப்படியே நின்றுவிட்டது. எனக்கு வாய்த்தது சைக்கிள், பிறகு ஒரு மொபெட். 1990-இல் இருங்காட்டுக்கோட்டைத் தடம் திறந்த பிறகு சோழவரம் பழங்கதையாகிவிட்டது.

ஆக, மகன் நீட்டிய தாளில் எனக்கும் ஆசை இருந்தது. செலவில் அறுபதாயிரம் நான் தருவதாக வேறு ஒப்புக்கொண்டிருந்தேன்.

தாளில் இருந்தவை இவை. ஒன்று, சைலன்சர் மாற்றம். இரண்டு, காற்று இழுக்கும் குழாயும் ஃபில்டரும். மூன்று, உயரத்தைக் குறைக்கும் ஸ்பிரிங், ஷாக் அப்சார்பர். நான்கு, அலாய் வீல். ஐந்து, டயர். ஆறு, ரேஸ் சீட். ஏழு, பிரேக் ஆயில், பிரேக் பேட். எட்டு, ரேடியேட்டர். ஒன்பது, டர்போ, பக்கத்தில் ஒரு கேள்விக்குறி.

நான் என்ன செய்தேன் தெரியுமா? முப்பத்தைந்து வருடம் செய்ததையே செய்தேன். இருக்கிற பணத்துக்குள் மேலிருந்து கீழே டிக் அடித்துக்கொண்டு வந்தேன். ஏழாவது இனத்தில் பேனா நின்றது. "இப்ப இருக்கிற பேட் தேஞ்சுபோச்சா?" என்று கேட்டேன். "பாதிக்கு மேல இருக்குப்பா" என்றான். அரசு அலுவலகத்தில் ஒரு பாடம் உண்டு. உபயோகத்தில் உள்ள பொருளைக் கழிவு செய்யக் கூடாது. ஏழாவது இனத்துக்கு நேரே 'ஒத்திவைக்கலாம்' என்று எழுதிச் சுருக்கொப்பம் போட்டேன். இருப்பதிலேயே குறைந்த செலவு அதற்குத்தான்.

சைலன்சரும் ஃபில்டரும் டயரும் வந்தன. பிப்ரவரியில் ஒரு ஞாயிறு, விடிவதற்கு முன் ஸ்ரீபெரும்புதூர் வழியாக இருங்காட்டுக்கோட்டைக்குப் போனோம். தடத்தில் இறங்கும் முன் காரில் ஒட்டாமல் இருக்கும் எல்லாவற்றையும் எடுத்துவிட வேண்டும். ஸ்டெப்னி, ஜாக்கி, மிதியடி, பேத்தியின் தண்ணீர் பாட்டில், டாஷ்போர்டில் இருந்த பிள்ளையார் எல்லாம் வெளியே வந்தன. பிள்ளையாரை மடியில் வைத்துக்கொண்டு பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்தேன்.

ஐந்து சுற்று அருமையாக ஓட்டினான். ஆறாவது சுற்றில் நேர்க்கோட்டின் முடிவில் வந்த செடியா, திரும்ப வேண்டிய இடத்தில் திரும்பாமல் நேராக மண்ணில் இறங்கியது. புழுதி எழுந்தது. மஞ்சள் கொடி ஆட்டினார்கள். நான் எழுந்து நின்றதுகூட எனக்குத் தெரியவில்லை. பிள்ளையார் கீழே விழுந்து தும்பிக்கை உடைந்ததைப் பிறகுதான் பார்த்தேன்.

காருக்கும் அவனுக்கும் ஒன்றும் ஆகவில்லை. அந்தத் தடத்தில் ஓரம் முழுக்க வெற்று மண். அதுதான் காப்பாற்றியது. "பெடல் தரை வரைக்கும் போயிடுச்சுப்பா. மிதிச்சு மிதிச்சுப் பார்த்தேன், கியரைக் குறைச்சேன்" என்றான். கை நடுங்கியது.

ஆச்சரியம் அதற்குப் பிறகுதான். அரை மணி நேரம் கார் ஆறியதும் பெடல் பழையபடி கெட்டியாகிவிட்டது! மெதுவாக ஓட்டிக்கொண்டே வீடு வந்தோம். தெருமுனையில் காரை நிறுத்தி, "சரியாயிடுச்சு இல்லப்பா. அவகிட்ட எதுவும் சொல்லாதீங்க" என்றான்.

மறுநாள் திங்கட்கிழமை. காலை எட்டு மணிக்கு அதே காரில் பேத்தி ஏற வேண்டும்.

இரவு சாப்பாடு இறங்கவில்லை. மருமகள் பாத்திரம் எடுத்துவைக்கும்போது சொல்லிவிட்டேன். நடந்ததை முழுவதும் சொன்னேன். "அந்த பிரேக் செலவைத் தள்ளிப்போட்டது நான்தாம்மா. என் கையெழுத்து இருக்கு" என்றேன். சத்தம் போடுவாள் என்று எதிர்பார்த்தேன். அவள் கைத்துண்டில் கையைத் துடைத்துக்கொண்டு, "நாளைக்கு ஆட்டோவுக்குச் சொல்லிடறேன் மாமா" என்று மட்டும் சொன்னாள். மகன் இரண்டு நாள் என்னிடம் பேசவில்லை.

மெக்கானிக் பிரேக் ஆயிலை வெளியே எடுத்துக் காட்டினார். கடுங்காப்பி நிறத்தில் இருந்தது. எப்போது மாற்றியது என்று கேட்டார். கார் வாங்கிய நாளிலிருந்து நாங்கள் மாற்றவே இல்லை.

அவர் சொன்னதையும் பிறகு நான் படித்ததையும் எளிமையாகச் சொல்கிறேன். நாம் பிரேக் ஆயில் என்று சொல்வது உண்மையில் எண்ணெயே அல்ல. காற்றிலிருக்கும் ஈரத்தை மெல்ல மெல்ல உறிஞ்சும் ஒரு திரவம். டாட் 4 என்ற தரத்தில் புதியது குறைந்தது 230 டிகிரி செல்சியஸ் வரை கொதிக்காமல் தாங்க வேண்டும். ஈரம் ஏறிய பிறகு அதே தரத்துக்குக் கேட்கப்படும் அளவு 155 டிகிரிதான். பந்தயத் தடத்தில் சுற்றுக்குச் சுற்று முழு வேகத்திலிருந்து மிதித்து நிறுத்தும்போது அந்தச் சூடு சுலபமாக வந்துவிடும். திரவம் கொதித்தால் ஆவி. திரவத்தை அழுத்தினால் அது சக்கரத்தைப் பிடிக்கும். ஆவியை அழுத்தினால் அது சுருங்கும், அவ்வளவுதான். பெடல் தரைக்குப் போகும். ஆறினால் ஆவி மறுபடி திரவமாகிவிடும், ஒன்றுமே நடக்காதது போல. இதுதான் இதில் உள்ள சூழ்ச்சி. ஊருக்குள் ஓட்டும்போது காட்டிக்கொடுக்கவே கொடுக்காது.

பேட் விஷயத்திலும் என் கணக்கு தப்பு. நான் கனத்தைப் பார்த்தேன். பார்க்க வேண்டியது அது எவ்வளவு சூடு தாங்கும் என்பது. அதற்காக முழுப் பந்தய பேடும் நமக்கு ஆகாது. அது சூடேறினால்தான் பிடிக்கும். காலையில் தெருமுனையில் பால்காரர் குறுக்கே வந்தால் அது தூங்கிக்கொண்டிருக்கும். இரண்டுக்கும் நடுவில் ஒன்று இருக்கிறது, அதைத்தான் போட்டோம்.

பள்ளியில் எங்கள் பிரெஞ்சு ஆசிரியர் 'ஃப்ரேன்' என்ற சொல்லுக்கு முதலில் சொன்ன பொருள் குதிரையின் கடிவாளம். பிரேக் என்பது பிறகு வந்த பொருள் என்றார். 1953-இல் பிரான்சின் லு மான் 24 மணி நேரப் பந்தயத்தை ஜாகுவார் கார் ஜெயித்தது. அதில் அப்போது புதிதாக வந்த டிஸ்க் பிரேக் இருந்தது. மற்றவர்கள் முன்னதாகவே மிதித்து வேகம் குறைக்க வேண்டியிருந்த இடத்தில், அவர்கள் இன்னும் கொஞ்ச தூரம் வேகமாகப் போய்விட்டு மிதிக்க முடிந்தது. நிற்கத் தெரிந்த கார்தான் ஓடவும் முடிந்தது. இதையெல்லாம் படித்திருந்தும், தாளில் பேனாவை வைத்தபோது எனக்கு நினைவு வரவில்லை.

மகன் பேச ஆரம்பித்ததும் புதுத்தாள் எடுத்தோம். இந்த முறை மருமகளும் உட்கார்ந்தாள். ஒவ்வொரு இனத்துக்கும் இரண்டே கேள்வி. தடத்தில் இது உதவுமா? திங்கட்கிழமை காலையில் இது உபத்திரவம் செய்யுமா?

முதல் இடம் பிரேக் ஆயிலுக்கும் பேடுக்கும் பழைய ரப்பர் ஹோஸ்களுக்கும். ஆயிலை இனி தடத்துக்குப் போகும் முன் ஒவ்வொரு முறையும் மாற்ற வேண்டும். இரண்டாவது, வயதான காரின் தேய்ந்த புஷ்களும் ஷாக் அப்சார்பர்களும். புதிதாக ஒன்றைச் சேர்க்கும் முன் இருப்பதைச் சீர்செய்வது. மூன்றாவது, குளிரூட்டும் நீரும் ரேடியேட்டர் குழாய்களும். நான்காவது, தடத்துக்கென்று தனியாக நான்கு சக்கரம், டயரோடு. உயரத்தைக் குறைக்கும் ஸ்பிரிங் அடிபட்டுப் போனது, நம் ஊர் வேகத்தடைகளை நினைத்து. ரேஸ் சீட்டும் போனது, பின்னால் ஏறி இறங்கும் பேத்தியை நினைத்து. கூரைக்குள் இரும்புக் கம்பிக்கூண்டு போடலாமா என்று அவனுக்கு ஒரு யோசனை இருந்தது. தலைக்கவசம் இல்லாமல் தினசரி ஓட்டும் காரில் அந்தக் கம்பியே தலையில் அடிக்கும் என்று மெக்கானிக்கே வேண்டாம் என்றுவிட்டார்.

டர்போவுக்கு நானே குறிப்பு எழுதினேன். மோட்டார் வாகனச் சட்டம் 52-ஆம் பிரிவின்படி, பதிவுச் சான்றில் உள்ளதற்கு மாறாக வண்டியை மாற்றக் கூடாது. இன்சூரன்ஸ் தாளையும் பூதக்கண்ணாடி வைத்துப் படித்தேன். பந்தயத்துக்கும் வேகச் சோதனைக்கும் பாலிசி செல்லாது என்று அதில் அச்சடித்தே இருக்கிறது. தடத்தில் ஏதாவது ஆனால் சொந்தக் கைக்காசு. "டர்போ, நிராகரிக்கப்பட்டது" என்று எழுதினேன். மகன் சிரித்துவிட்டான். கீழே மருமகளையும் கையெழுத்துப் போடச் சொன்னேன்.

போன மாதம் மறுபடி இருங்காட்டுக்கோட்டை போனோம். எட்டு சுற்று ஓட்டிவிட்டு, ஒரு சுற்று மெதுவாக ஓட்டிப் பிரேக்கை ஆறவிட்டு வந்தான். பெடல் கல் மாதிரி நின்றது. முன்னைவிட வேகமாகவும் ஓட்டினான் என்று கடிகாரம் சொன்னது. இன்ஜினில் ஒரு குதிரை கூடக் கூடவில்லை. புதுப் பிள்ளையாரை இந்தத் தடவை மடியில் வைக்காமல் துண்டில் சுற்றிப் பைக்குள் வைத்திருந்தேன்.

இதைப் படிக்கும் என் வயதுக்காரர்களில் பந்தயத் தடத்துக்குப் போகிறவர் யாரும் இருக்க மாட்டீர்கள். ஆனால் வீட்டில் ஒரு கார் இருக்கும். பிள்ளையோ மருமகளோ அதில் திருப்பதி மலை ஏறி இறங்குவார்கள். மலையிலிருந்து இறங்கும்போதும் பிரேக்குக்கு இதே சூடுதான். கடைசியாக பிரேக் ஆயில் எப்போது மாற்றியது என்று இன்று மாலை ஒரு வார்த்தை கேளுங்கள். யாருக்கும் நினைவில்லை என்றால், தயவுசெய்து அதை ஒத்திவைக்காதீர்கள்.